குற்றம் பிறக்கும் வீடு

தேசத்தில் ஒழுக்கம் குன்றிவிட்டது என்னும் முறையீடு இன்று எங்கும் கேட்கிறது. வாலிபர்கள் பெரியோரை மதிப்பதில்லை. சினிமா மனத்தைக் கெடுத்துவிட்டது. கைத்தொலைபேசி சந்தை இரைச்சலையெல்லாம் வீட்டுக்குள் கொண்டுவந்து சேர்த்துவிட்டது. ஆதலால் குற்றங்கள் பெருகுகின்றன என்று மேடைகளிலும் திண்ணைகளிலும் பேசப்படுகிறது. இந்த முறையீட்டில் ஒரு சௌகரியம் உண்டு. குறை கூறுபவர் யாராயினும், அவர் அக்குறைக்கு வெளியே நின்றுகொள்ளலாம். கெட்டவர்கள் எப்போதும் வேறு தெருவில் வசிப்பவர்கள். வேறு தலைமுறையைச் சேர்ந்தவர்கள். வேறு ஜாதியில் பிறந்தவர்கள்.

நாம் இவ்விஷயத்தை வேறு வழியில் ஆராய விரும்புகிறோம். பசியினால் விளையாத குற்றம், கல்லாமையினால் விளையாத குற்றம், குடிவெறியில் நேர்ந்தது என்று சமாதானம் சொல்ல முடியாத குற்றம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அது எங்கே முடிகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். எங்கே பிறக்கிறது என்று பின்னோக்கி நடந்து பார்ப்போம். நாம் கருதுவது வரதட்சிணைச் சாவு.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குகளை நோக்குங்கள். 2020, 2021, 2022 ஆகிய மூன்று வருஷங்களில் ஒவ்வொன்றிலும் நம் நாட்டில் 6,000-க்கு மேற்பட்ட பெண்கள் வரதட்சிணை காரணமாக மாண்டதாகப் பதிவாகியிருக்கிறது. நாளொன்றுக்குப் பதினாறு பேருக்குக் குறையாமல் என்று ஆகிறது. இது போலீஸார் பதிவு செய்த கணக்கு மட்டுமே. இத்தனை பேர் ஒரு கொள்ளைநோயில் மாண்டிருந்தால் சர்க்கார் ஆட்டம் கண்டிருக்கும். ஒரு யுத்தத்தில் மாண்டிருந்தால் அவர்களுக்கு ஞாபகச் சின்னம் எழுப்பியிருப்போம். இவர்களோ தத்தம் கணவன் வீட்டில், பெரும்பாலும் சமையலறையிலும் படுக்கையறையிலும், ஒருவர் பின் ஒருவராக மாண்டார்கள். பத்திரிகையின் உட்பக்கத்தில் நாலு வரிச் செய்தியாக வந்தார்கள். மறு நாள் மறக்கப்பட்டார்கள்.

இக்குற்றத்தைச் செய்தவர்கள் யார்? வழிப்பறிக்காரர்கள் அல்லர், போக்கிரிகள் அல்லர். அவர்களில் பலர் உத்தியோகஸ்தர்கள், வியாபாரிகள், ஆசிரியர்கள், பட்டதாரிகள். கோவிலுக்குச் செல்பவர்கள், வரி கட்டுபவர்கள், அண்டை வீட்டாரால் நல்லவர் என்று சொல்லப்பட்டவர்கள். ஆகவே, கெட்ட மனிதர்களிடமிருந்துதான் குற்றம் வருகிறது என்னும் நம் எண்ணத்தை இங்கே சற்று ஒதுக்கி வைக்க வேண்டியிருக்கிறது.

கூடத்தில் நடக்கும் பேச்சு

நிச்சயதாம்பூலத்துக்கு முன் நடக்கும் பேச்சைக் கவனியுங்கள். கூடத்தில் பாய் விரித்திருக்கிறது. வெற்றிலைத் தட்டு நடுவில் இருக்கிறது. இரு தரத்துப் பெரியவர்களும் உட்கார்ந்திருக்கிறார்கள். தரகர் இருக்கிறார்; பெண்ணின் மாமன் இருக்கிறார். “எங்களுக்கு ஒன்றும் வேண்டாம், உங்கள் பெண்ணுக்கு நீங்கள் பிரியப்பட்டதைச் செய்யுங்கள்” என்று மாப்பிள்ளை வீட்டார் ஆரம்பிக்கிறார்கள். மூத்த மருமகள் எத்தனை பவுன் கொண்டுவந்தாள் என்பது அடுத்த வாக்கியத்தில் வந்துவிடுகிறது. மாப்பிள்ளை வேலைக்குப் போய் வருவதற்கு வாகனமின்றிச் சிரமப்படுகிறார் என்பது அதற்கடுத்த வாக்கியம். பெண்ணின் தகப்பனார் முகத்தில் சிரிப்பை வரவழைத்துக்கொண்டு தலையசைக்கிறார். உள்ளே அவருடைய மனைவி விரல் விட்டு எண்ணுகிறாள். தொகை முடிவாகிறது, தாம்பூலம் மாற்றப்படுகிறது, எல்லோரும் பாயசம் அருந்துகிறார்கள்.

1961-ஆம் வருஷத்து வரதட்சிணைத் தடைச் சட்டத்தின்படி அக்கூடத்தில் இருந்தவர்களில் குற்றவாளியாகாதவர் அநேகமாக ஒருவரும் இல்லை. கேட்டவர் குற்றவாளி, வாங்குபவர் குற்றவாளி, கொடுப்பவர் குற்றவாளி, கொடுக்கல் வாங்கலுக்கு உடந்தையாயிருப்பவரும் குற்றவாளி. வாங்கினவருக்கும் கொடுத்தவருக்கும் இன்று சட்டம் விதித்திருக்கும் சிறைவாசம், சாதாரணமாக ஐந்து வருஷத்துக்குக் குறையக் கூடாது. ஆயினும் அக்கூடத்தில் இருக்கும் எவரும் தம்மைக் குற்றவாளி என்று கனவிலும் எண்ணுவதில்லை. யாரேனும் ஒருவர் எழுந்து, “இங்கே நடப்பது குற்றம்” என்று சொன்னால், அவரைத்தான் சபை மரியாதை அறியாதவர் என்பார்கள்.

ஒழுக்கக் குறைவு என்பதை நாம் இந்த இடத்தில்தான் காண்கிறோம். குற்றம் செய்பவர்கள் எக்காலத்திலும் இருந்திருக்கிறார்கள். குற்றத்தைக் கண்டு வெட்கப்படுபவர்கள் இல்லாமற் போவதே ஒழுக்கம் குன்றியதற்கு அடையாளம். பட்டப் பகலில், உற்றார் உறவினரைச் சாட்சியாக வைத்துக்கொண்டு, மங்கள காரியம் என்று பெயரிட்டு ஒரு சட்டவிரோதமான பேரத்தை நடத்தக்கூடிய சமூகம், பின்னால் அப்பேரம் கொலையில் முடியும்போது, “இப்படியும் உண்டா!” என்று வியப்பது பொருத்தமன்று.

பழைய வழக்கமா?

இது நம் முன்னோர் வகுத்த வழக்கம், எளிதில் மாறாது என்று சிலர் சொல்வதுண்டு. இஃது உண்மைக்கு மாறானது. தமிழ்நாட்டில் மிகப் பல வகுப்பாரிடையே மாப்பிள்ளை வீட்டார் பெண்ணுக்குப் பரிசம் போடுவதே வழக்கமாயிருந்தது. பெண்ணுக்குத் தாய்வீட்டார் அளித்த சீதனம் அவளுடைய சொந்த உடைமையாகக் கருதப்பட்டது. மாப்பிள்ளையின் படிப்பையும் உத்தியோகத்தையும் மதிப்பிட்டு அவனுக்காகத் தொகை கேட்கும் இன்றைய வழக்கம் வேறு. பிரிட்டிஷ் ஆட்சியில் ஆங்கிலப் படிப்பும் சம்பள உத்தியோகமும் ஏற்பட்டபின், அவற்றை முதலில் அடைந்த மேல்வகுப்பாரிடையே அது தலையெடுத்தது. பிறகு மற்ற வகுப்பார்க்கும் பரவியது. சமூகவியல் அறிஞர் எம். என். ஸ்ரீநிவாஸ் இதை விளக்கி எழுதியிருக்கிறார். அதாவது, வரதட்சிணை படிப்போடும் பணத்தோடும் கூடவே வளர்ந்தது. வறுமையும் அறியாமையும் அதைப் பெறவில்லை.

இதன் கொடுமை வெளிப்பட்டு ஒரு நூற்றாண்டுக்கு மேலாகிறது. 1914-ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில் கல்கத்தாவில் ஸ்நேகலதா என்னும் இளம்பெண் தன் உடலில் நெருப்பு வைத்துக்கொண்டு மாண்டாள். அவளுடைய கல்யாணத்துக்கு வேண்டிய தொகைக்காகத் தகப்பனார் குடியிருக்கும் வீட்டை அடகு வைக்கவிருந்தார். வங்காளம் கலங்கியது. கூட்டங்கள் நடந்தன, வரதட்சிணை வாங்குவதில்லை என்று மாணவர்கள் சபதம் செய்தார்கள். காந்தியடிகளும் பின்னர்த் தமது பத்திரிகைகளில் இவ்வழக்கத்தைப் பலமுறை கடிந்து எழுதினார். சபதம் செய்தவர்களில் எத்தனை பேர் தம் குமாரர்களின் கல்யாணத்தில் அதை நினைவு வைத்துக்கொண்டார்கள் என்பதை, அதன்பின் நடந்த நூறு வருஷச் சரித்திரமே சொல்கிறது.

ஒவ்வொரு சாவுக்கும் ஒரு சட்டம்

சட்டம் இல்லாமையால் இத்தீமை வளர்ந்தது என்று சொல்ல இடமில்லை. 1939-இலேயே சிந்து மாகாணம் இதற்கென ஒரு சட்டம் செய்தது. பீஹார் 1950-லும், ஆந்திரப் பிரதேசம் 1958-லும் சட்டம் இயற்றின. 1961 மே மாதத்தில், பார்லிமெண்டின் இரு சபைகளும் மசோதாவின் வாசகத்தைப் பற்றி ஒத்துப்போகாமையால், குடியரசின் சரித்திரத்தில் முதன்முறையாகக் கூட்டுக் கூட்டம் கூடி வரதட்சிணைத் தடைச் சட்டத்தை நிறைவேற்றின. அவ்வருஷம் ஜூலை 1-ஆம் தேதி அது அமலுக்கு வந்தது.

அச்சட்டம் எவ்வளவு தயங்கித் தயங்கி எழுதப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். கல்யாணத்துக்குப் பிரதிபலனாகக் கொடுத்தால்தான் வரதட்சிணை. வெறும் வெகுமதியானால் அன்று. குற்றத்தைப் போலீஸார் தாமாக விசாரிக்க முடியாது. ஒரு வருஷத்துக்குள் யாரேனும் கோர்ட்டில் புகார் செய்ய வேண்டும். வரதட்சிணை கேட்டவர்மீது வழக்குத் தொடுக்கவோ சர்க்காரின் முன்அனுமதி வேண்டும். மகளைக் கட்டிக்கொடுத்த தகப்பன் கல்யாணமான ஒரு வருஷத்துக்குள் சம்பந்தியின்மேல் வழக்குத் தொடுப்பான் என்று எதிர்பார்த்த சட்டம் அது! சட்டம் செய்தவர்களும் அக்கூடத்திலிருந்து எழுந்து சென்றவர்கள்தாமே.

1970-களின் இறுதியில் டில்லி நகரில் இளம்பெண்கள் எரிந்து சாவதும், ‘ஸ்டவ் வெடித்துவிட்டது’ என்று காரணம் சொல்லப்படுவதும் வாடிக்கையாயின. அந்த ஸ்டவ்கள் மருமகள்மீது மட்டும் வெடித்தன, மாமியார்மீது வெடிக்கவில்லை. 1979-இல் மகளை இவ்விதம் பறிகொடுத்த சத்யராணி சட்டா என்னும் தாய் கோர்ட்டு கோர்ட்டாக ஏறினார். அவருடைய மருமகனின் குற்றத்தை ஹைகோர்ட்டு உறுதி செய்தபோது வருஷம் 2013. முப்பத்துநான்கு வருஷங்கள் ஒரு தாய் காத்திருந்தார். அவரும் அவரைப் போன்ற பெண்களும் வீதியில் இறங்கிக் கிளர்ச்சி செய்ததன் பயனாகவே சட்டம் பல் முளைத்தது. 1983-இல் கணவனும் அவன் உறவினரும் செய்யும் கொடுமை தனிக் குற்றமாக்கப்பட்டது. 1984-இலும் 1986-இலும் வரதட்சிணைச் சட்டம் திருத்தப்பட்டது. 1986-இல் ‘வரதட்சிணை மரணம்’ என்னும் குற்றம் தண்டனைச் சட்டத்தில் புகுத்தப்பட்டது. கல்யாணமான ஏழு வருஷத்துக்குள் ஒரு பெண் இயல்புக்கு மாறாக இறந்து, சாவுக்குச் சற்று முன் வரதட்சிணைக்காக அவள் துன்புறுத்தப்பட்டாள் என்று தெரிந்தால், குறைந்தது ஏழு வருஷம் முதல் ஆயுட்காலம் வரை சிறை. 2024 ஜூலை முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இவ்விதிகள் அப்படியே இடம் பெற்றிருக்கின்றன.

சட்டம் உண்டு, சாவும் உண்டு. உலக வங்கியைச் சார்ந்த ஆராய்ச்சியாளர்கள் 2021-இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். 1960 முதல் 2008 வரை இந்தியக் கிராமங்களில் நடந்த 40,000 கல்யாணங்களை ஆராய்ந்ததில், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தில் வரதட்சிணை கொடுக்கப்பட்டதாகக் கண்டார்கள். அநேகமாக அந்தக் காலம் முழுவதும் சட்டம் அமலில் இருந்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வீடுகளில் மீறப்படும் சட்டத்தை எந்தப் போலீஸ் காக்கும்? எந்தச் சாட்சி பேசுவார்? சாட்சி சொல்ல வேண்டியவர்கள் எல்லோரும் தாம்பூலம் வாங்கிக்கொண்டவர்கள் அல்லவா?

பாக்கி என்னும் சொல்

பேரம் எவ்விதம் கொலையாகிறது என்பதையும் ஆராய்வோம். விலை என்று ஒன்று பேசப்பட்டவுடன் பாக்கி என்று ஒன்று பிறக்கிறது. இன்ன தேதிக்குள் தருவதாகச் சொன்ன தொகை வரவில்லை. சொன்ன பவுனில் ஐந்து குறைகிறது. குறை இல்லாவிட்டாலும் தலைத் தீபாவளி வருகிறது, ஆடிச்சீர் வருகிறது, வளைகாப்பு, பிள்ளைப்பேறு, பெயர் சூட்டல், காதுகுத்து என்று ஒவ்வொரு நல்ல நாளும் ஒரு தவணையாகிவிடுகிறது. கடன்காரன் வீட்டுக்கு வெளியே இருந்தால் கடன் பட்டவன் கதவைச் சாத்திக்கொள்ளலாம். இங்கே கடனுக்கு ஈடாகவே பெண் அந்த வீட்டுக்குள் இருக்கிறாள். அவளை வருத்தினால் பணம் வரும் என்று ஒரு முறை கண்டுகொண்டவர்கள் இரண்டாம் முறையும் வருத்துகிறார்கள். முதலில் சொல்லால் குத்துகிறார்கள். பிறகு உணவைக் குறைக்கிறார்கள். பிறகு கை ஓங்குகிறார்கள். கடைசிப் படியில் ஏறியவன்தான் கொலைகாரன் என்று உலகம் சொல்கிறது. முதற்படியைக் கட்டித் தந்தவர்கள் பந்தியில் உட்கார்ந்து வாழ்த்திவிட்டு வந்தவர்கள்.

பெண்ணைப் பெற்றவர்களையும் நாம் விட்டுவிடுவதற்கில்லை. இப்படி மாண்ட பெண்களில் பலர் முன்பே தாய்வீட்டுக்கு வந்து அழுதவர்கள். “கொஞ்சம் பொறுத்துப் போ, ஒரு குழந்தை பிறந்தால் எல்லாம் சரியாகும், உனக்குப் பின்னால் தங்கை இருக்கிறாள்” என்று சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டவர்கள். கணவனை விட்டு வந்தவளுக்கு ‘வாழாவெட்டி’ என்னும் சொல்லை உண்டாக்கி வைத்திருக்கும் நம் சமூகம், அவளை வாழவிடாதவனுக்கு ஒரு சொல்லை உண்டாக்கவில்லை. அந்தச் சொல்லுக்கு அஞ்சியே பெற்றோர் மகளை மீண்டும் அதே வாசலில் கொண்டுபோய் விட்டார்கள். பிறகு அவளுடைய பிரேதத்தைப் பெற்றுக்கொள்ள அதே வாசலுக்குப் போனார்கள்.

படிப்பு பெருகினால் இத்தீமை தானே ஒழியும் என்பது ஒரு காலத்தில் சீர்திருத்தக்காரர்களின் நம்பிக்கை. எழுத்தறிவில் முன்னணியில் நிற்கும் அண்டை ராஜ்யமாகிய கேரளத்தைப் பாருங்கள். அங்கே கொல்லம் மாவட்டத்தில் 2021 ஜூன் மாதத்தில், ஆயுர்வேத வைத்தியம் படித்துவந்த ஓர் இளம்பெண் கணவன் வீட்டில் மாண்டாள். கணவனோ மோட்டார் வாகன இலாகாவில் சர்க்கார் உத்தியோகஸ்தன். நூறு பவுன் நகையும், ஒரு ஏக்கருக்கு மேற்பட்ட நிலமும், ஒரு காரும் கொடுத்திருந்தார்கள். அந்தக் கார் அவன் மனத்துக்குப் பிடிக்கவில்லை. சர்க்கார் அவனை வேலையிலிருந்து நீக்கியது; விசாரணைக் கோர்ட்டு 2022 மே மாதத்தில் பத்து வருஷச் சிறைத் தண்டனை விதித்தது. பெண் படித்தவள், பிள்ளை படித்தவன், கொடுத்ததும் கொஞ்சமன்று. படிப்பு பேரத்தை நிறுத்தவில்லை. பேரத்தின் தொகையைத்தான் உயர்த்தியது. அதிகம் கொடுத்தால் மகள் சௌக்கியமாயிருப்பாள் என்று எண்ணும் தகப்பன்மார் இதைச் சற்றுச் சிந்திக்க வேண்டும். பணத்தைக் கண்டு அடங்கும் பேராசை என்று ஒன்று இல்லை.

பிறக்கும் முன்பே

இக்குற்றம் கணவன் வீட்டோடு நிற்கவில்லை. மகள் பிறந்தால் செலவு, மகன் பிறந்தால் வரவு என்று கணக்கெழுதப் பழகிய வீட்டில், அந்தக் கணக்கு தொட்டிலையும் எட்டியது. மதுரை மாவட்டத்து உசிலம்பட்டி வட்டாரத்தில் பிறந்த பெண் குழந்தைகளை எருக்கம்பாலும் நெல்மணியும் கொடுத்துக் கொல்கிறார்கள் என்னும் செய்தி 1986-இல் பத்திரிகையில் வெளிவந்து நாட்டையே தலைகுனியச் செய்தது. அங்கிருந்த தாய்மார்கள் கல்நெஞ்சம் படைத்தவர்கள் அல்லர். ஒரு மகளுக்கே சீர் செய்யக் கதியில்லாத வீட்டில் இரண்டாவது மகள் பிறந்தால் என்ன ஆகும் என்று அறிந்தவர்கள். 1992-இல் தமிழ்நாட்டு சர்க்கார் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. கொல்ல வேண்டாம், எங்களிடம் கொடுத்துவிடுங்கள் என்று ஒரு சர்க்கார் தன் ஜனங்களைக் கேட்டுக்கொள்ள நேர்ந்ததைவிட ஒழுக்கக் குறைவுக்கு வேறு சான்று வேண்டுமா?

வசதியுள்ளவர்களுக்கு எருக்கம்பால் தேவைப்படவில்லை. அவர்களுக்கு ஸ்கேன் யந்திரம் கிடைத்தது. இன்று சில நூறு ரூபாய் செலவிட்டால் பின்னால் பெருந்தொகை மிச்சமாகும் என்னும் கருத்துப்பட 1980-களில் வடநாட்டு நகரங்களில் விளம்பரங்களே தோன்றின. அந்தப் பின்னால் மிச்சமாகும் தொகை எது என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று கண்டு சொல்வதைத் தடுக்க 1994-இல் சட்டம் செய்யப்பட்டது. 2003-இல் அது மேலும் கடுமையாக்கப்பட்டது. ஆயினும் ஜனத்தொகைக் கணக்கு சொல்வதைக் கேளுங்கள். ஆறு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தைகள் ஆயிரம் பேருக்கு, 1961-இல் இந்தியாவில் 976 பெண் குழந்தைகள் இருந்தார்கள்; 1991-இல் 945; 2001-இல் 927; 2011-இல் 920-க்கும் கீழே. வரதட்சிணைச் சட்டம் செய்த அதே வருஷத்திலிருந்து இந்த எண் இறங்கிவந்திருப்பதைப் பார்க்கிறோம். ஆண் பிள்ளைமீது உள்ள மோகத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. வரதட்சிணை அவற்றுள் முக்கியமான ஒன்று. தகப்பனின் பேராசையும் பயமும் வைத்தியனையும் குற்றவாளியாக்கின.

எதிர்வாதங்கள்

இவ்விஷயத்தில் எதிர்வாதம் செய்பவர்களுக்கும் விடை கூறுதல் கடமை. மகளுக்கு அன்பினால் கொடுப்பது தவறா என்று கேட்பார்கள். தவறன்று. கேளாமல் கொடுத்து, மகள் பெயரில் எழுதி, அவள் கையில் இருக்கும்படி செய்தால் அது அன்பு. மாப்பிள்ளை வீட்டார் எண்ணிப் பார்த்துப் பெட்டியில் பூட்டிக்கொண்டால் அது விலை. மகளுக்குச் சொத்தில் பாகம் இல்லை, ஆதலால் சீராகக் கொடுக்கிறோம் என்னும் நியாயமும் இப்போது செல்லாது. தமிழ்நாட்டில் 1989-லும், இந்தியா முழுமைக்கும் 2005-லும் ஹிந்துக் குடும்பச் சொத்தில் மகளுக்கு மகனோடு சமபாகம் சட்டப்படி ஏற்பட்டிருக்கிறது. பாகத்தைக் கொடுக்க மனமில்லாதவர்களே சீரைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறார்கள்.

பொய்ப் புகார்களும் உண்டே என்பது மற்றொரு வாதம். உண்டு. குற்றமற்ற முதியோரையும், தூரத்து உறவினரையும் வழக்கில் இழுத்துவிடும் வழக்கத்தை நாம் ஆதரிக்கவில்லை. இத்தகைய வழக்குகளில் ஆராயாமல் யாரையும் கைது செய்யலாகாது என்று 2014-இல் சுப்ரீம் கோர்ட்டே போலீஸாருக்கு வரம்பு கட்டியிருக்கிறது, அது நியாயம். ஆனால் பொய்ப் புகார் செய்பவர் இருப்பதனால் மெய்யாக மாண்டவர்கள் பிழைத்து வந்துவிடமாட்டார்கள். பொய் வழக்கைக் கண்டு அஞ்சுபவருக்கு ஒரு சிறந்த பாதுகாப்பு இருக்கிறது. கல்யாணத்தின்போது ஒரு காசும் வாங்காமல் இருப்பதே அது.

“ஊரோடு ஒத்து வாழ வேண்டியிருக்கிறது, நாங்கள் மகளுக்குக் கொடுத்தோமே, மகனுக்கு வாங்கினால் என்ன?” என்பது மூன்றாவது வாதம். இதுவே எல்லாவற்றிலும் வலியது. இதுவே எல்லாவற்றிலும் கொடியது. கொடுக்கும்போது நாம் பட்ட அவமானம் நமக்கு ஒரு பாடமாகாமல், பிறரை அவமானப்படுத்த ஓர் உரிமைச்சீட்டாகிவிட்டது. ஒவ்வொருவரும் தம்மை அகப்பட்டுக்கொண்டவராகவே கருதுகிறார்கள். பிடித்தவர் யாரென்று தேடினால் ஒருவரும் இல்லை. இவ்விதமாக நல்லவர்கள் கூடித்தான் ஒரு தீமையை நடத்திவருகிறார்கள்.

செய்ய வேண்டியது

சர்க்கார் செய்யக்கூடியவை சில உண்டு. தமிழ்நாட்டில் ஏழைப் பெண்களின் கல்யாணத்துக்கென மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரால் 1989-இல் தொடங்கி நடந்துவந்த உதவித் திட்டம், 2022-இல் புதுமைப் பெண் திட்டமாக மாற்றப்பட்டது. சர்க்கார் பள்ளியில் படித்து மேற்படிப்புக்குச் செல்லும் பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் அளிக்கப்படுகிறது. மணமேடைக்குப் போன பணம் கல்லூரிக்குப் போவது நல்ல மாறுதல். படிப்பு மட்டும் பேரத்தை நிறுத்தாது என்று மேலே சொன்னோம்; ஆயினும் தன் காலில் நிற்கும் பெண்ணுக்குப் பிடிக்காத வாசலைவிட்டு வெளியேறும் வலிமையாவது உண்டு. கேரள சர்க்கார் 2021-இல், தன் ஆண் ஊழியர்கள் கல்யாணமானவுடன் வரதட்சிணை வாங்கவில்லை என்று, மனைவியும் இரு தரத்துத் தகப்பனாரும் கையொப்பமிட்ட பத்திரம் தர வேண்டும் என உத்தரவிட்டது. இதை எல்லா ராஜ்யங்களும் மேற்கொள்ளலாம். சர்க்கார் உத்தியோகமே மாப்பிள்ளைச் சந்தையில் விலை உயர்ந்த சரக்காயிருக்கும்போது, அந்த உத்தியோகத்தை அளிப்பவர் நிபந்தனை விதிப்பதில் தவறில்லை.

ஆயினும் சர்க்கார் அந்தக் கூடத்துக்குள் வந்து உட்கார முடியாது. அங்கே இருப்பவர்கள் நாமே. ஆதலால் மூவரிடம் மூன்று வேண்டுகோள் விடுக்கிறோம்.

வாலிபர்களே, ஒழுக்கம் கெட்டவர்கள் என்று உங்களைப் பெரியவர்கள் தூற்றுகிறார்கள். அவர்கள் உங்கள் பேரில் பேசும் பேரத்தை நிறுத்தி, ஒழுக்கம் எவரிடம் இருக்கிறது என்பதை அவர்களுக்குக் காட்டுங்கள். ‘அப்பா பேசுகிறார், நான் என்ன செய்வேன்’ என்று தலை குனிந்து நிற்பது பணிவன்று. அது வாங்குபவனின் தந்திரம். தன் சம்பாத்தியத்தில் ஒரு வாகனம் வாங்கமாட்டாதவன் வாகனமின்றி நடந்து போவதில் இழுக்கு ஏதுமில்லை.

ஊர்ப் பெரியோர்களே, தொகை பேசும் இடத்தில் உட்காராதீர்கள். பேசி முடித்த கல்யாணம் என்று தெரிந்தால் பந்திக்குப் போகாதீர்கள். பத்துப் பெரியவர்கள் எழுந்து போய்விட்டால் பதினோராவது ஆள் தொகை கேட்கக் கூசுவான். வெட்கம் என்பது கோர்ட்டு விதிக்கும் தண்டனையைவிட மலிவானது. விரைவில் பலன் தருவது.

பெண்ணைப் பெற்றவர்களே, மகளுக்கு நீங்கள் கொடுக்கக்கூடிய சீர்வரிசைகளில் சிறந்தது ஒரே வாக்கியம். “உனக்குத் துன்பம் நேர்ந்தால், எந்த நாளானாலும் எந்த நேரமானாலும், இந்த வீட்டுக் கதவு உனக்குத் திறந்திருக்கும்” என்று கல்யாணத்துக்கு முன்பே, மாப்பிள்ளை வீட்டார் காது கேட்கச் சொல்லிவிடுங்கள். அவள் வந்து நின்றால், ஏன் வந்தாய் என்று கேளாதீர்கள்.

ஒழுக்கம் குன்றியதனால் குற்றம் பெருகுகிறது என்பது உண்மையே. ஆனால் குன்றிய ஒழுக்கத்தைத் தெருவில் தேடிப் பயனில்லை. இந்த வைகாசியிலோ ஆவணியிலோ நம் வீட்டுக் கூடத்திலும் பாய் விரிக்கப்படும். வெற்றிலைத் தட்டு வைக்கப்படும். அப்போது நாம் என்ன பேசப் போகிறோம் என்பதே கேள்வி.